எஸ்எஸ்டி இருக்கிறது, இன்ஸ்டாலர் பார்க்கவில்லை: வன்பொருளைச் சொல்ல வேண்டியது யார்?

புது மடிக்கணினியில் விண்டோஸ் போட உட்கார்ந்த பலருக்கும் தெரிந்த திரை அது. எந்த வட்டில் நிறுவுவது என்று கேட்கும். கேள்விக்குக் கீழே இருக்க வேண்டிய பட்டியல் வெறுமையாகக் கிடக்கும். எஸ்எஸ்டி கழன்றிருக்குமோ என்று பயாஸுக்குள் போய்ப் பார்த்தால், அங்கே அது தன் பெயரோடும் கொள்ளளவோடும் இருக்கும். சர்வீஸ் கடையில் 'டிஸ்க் டிடெக்ட் ஆகலை' என்று ஒரே வரியில் சொல்லப்படும் இந்தக் கோளாறுக்குப் பின்னால், நாற்பதாண்டுக்கும் மேலாகப் பலர் பதில் சொல்லிப் பார்த்த ஒரு கேள்வி இருக்கிறது. பெட்டிக்குள் என்னென்ன பொருத்தப்பட்டிருக்கின்றன என்பதை இயங்குதளத்துக்கு யார் சொல்ல வேண்டும்?

ஆள் சொல்லட்டும், பஸ் சொல்லட்டும், ஃபர்ம்வேர் சொல்லட்டும், இயங்குதளமே எல்லாவற்றையும் தெரிந்து வைத்திருக்கட்டும் என்று காலந்தோறும் வெவ்வேறு பதில்கள் வந்தன. ஒவ்வொன்றும் தனக்கு முந்தையதன் குறையை ஓரளவு தீர்த்தது. தீர்த்த கையோடு சிக்கலை அடுத்த அடுக்குக்குத் தள்ளியும் விட்டது. அவற்றை வரிசையாகப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. இன்றைய நிறுவல் கோளாறுகளில் பெரும்பாலானவை சாதனம் கண்ணில் படாததால் வருபவை அல்ல என்றே தோன்றுகிறது. கண்ணில் பட்ட சாதனத்தை இயக்கத் தெரியாததாலும், அந்த உண்மையை இன்ஸ்டாலர் வெளியே சொல்லாததாலும் வருபவை அவை.

ஜம்பர் காலம்

1981இல் வந்த ஐபிஎம் பிசியில், விரிவாக்க அட்டை தன்னைத் தானே அறிமுகப்படுத்திக்கொள்ள வழி எதுவும் இல்லை. அட்டையில் உள்ள ஜம்பர்களையும் குட்டிச் சுவிட்சுகளையும் மாற்றி, அது எந்த முகவரியில் பேசும், எந்த ஐஆர்க்யூ (குறுக்கீட்டு) தடத்தைப் பிடிக்கும் என்று ஆளே முடிவு செய்தார். அதே எண்களை மென்பொருளுக்கும் அவரே சொன்னார். முதல் பிசியில் 8 ஐஆர்க்யூ தடங்கள்தான். 1984இல் வந்த ஏடி மாதிரியில் பயன்படுத்தக்கூடியவை 15. அவற்றிலும் விசைப்பலகை, கடிகாரம், வட்டு என்று பாதி முன்பே போய்விடும். ஒலி அட்டையை 7ஆம் தடத்தில் வைத்தால் அச்சுப்பொறி வாயிலோடு மோதும். 5க்கு மாற்றினால் அங்கே வேறொன்று உட்கார்ந்திருக்கும். அட்டையோடு வந்த கையேடு தொலைந்தால் கதை முடிந்தது.

இந்த ஏற்பாட்டை இன்று எள்ளி நகையாடுவது எளிது. ஆனால் அதில் ஊகத்துக்கு இடமில்லை. சிக்கல் பெரிதானது, ஆளைக் கேட்காமல் மென்பொருளே தேடிப் பார்க்கத் தொடங்கியபோதுதான். இந்த அட்டைகள் அமரும் ஐஎஸ்ஏ பஸ்ஸில் தேடுவதென்றால், ஒரு முகவரியில் எதையாவது எழுதி, திரும்ப வருவதைப் படித்து, இன்ன அட்டையாக இருக்கலாம் என்று முடிவுகட்டுவது. ஒரு சாதனத்தைத் தேடப் போன கட்டளை அதே முகவரியில் உள்ள வேறொரு சாதனத்தை நிலைகுலைய வைக்கலாம். என்இ2000 வகைப் பிணைய அட்டைகள் இதற்குப் பேர்போனவை. வேறொன்றைத் தேடும் நிரல் அவற்றின் முகவரியைத் தொட்டதும் கணினியே உறைந்துபோவதுண்டு. அதனால்தான் இன்ன முகவரிப் பக்கம் போகாதே என்று லினக்ஸ் கெர்னலுக்குத் தொடக்கத்திலேயே சொல்லிவைக்க ஒரு விருப்பம் தரப்பட்டது.

விண்டோஸ் 95 இதை வேறு விதமாகக் கையாண்டது. தேடும் ஒவ்வொரு படிக்கும் முன்பு, எதைச் செய்யப்போகிறோம் என்று வட்டில் ஒரு குறிப்பு எழுதிக்கொண்டது. நடுவில் கணினி உறைந்தால் மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் போடச் சொன்னது. அடுத்த முறை அந்தக் குறிப்பைப் படித்து, தன்னை உறைய வைத்த படியை மட்டும் தாண்டிப் போனது. தோல்வி நிச்சயம் என்று முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு அதற்கு வழிசெய்த இந்த நேர்மை, பின்னால் வந்த பல இன்ஸ்டாலர்களில் இல்லை.

பஸ்ஸே பதில் சொல்லும்

1992இல் இன்டெல் வெளியிட்ட பிசிஐ இந்த ஊகத்தை ஒழித்தது. ஒவ்வொரு பிசிஐ சாதனத்திலும் 256 பைட் அளவுள்ள ஓர் அறிமுகப் பகுதி உண்டு. அதன் முதல் நான்கு பைட்டில் தயாரிப்பாளர் எண்ணும் சாதன எண்ணும் இருக்கும். இன்டெல்லின் தயாரிப்பாளர் எண் 8086. அந்நிறுவனத்தின் பழைய செயலியின் பெயரையே எண்ணாக்கிக்கொண்ட குறும்பு. இடம் காலி என்றால் எல்லா பிட்டும் 1 என்று பதில் வரும். எனவே ஒன்றையும் கெடுக்காமல், ஒவ்வோர் இடமாகக் கேட்டு முழுப் பட்டியல் எடுத்துவிடலாம். 1996இல் வந்த யூஎஸ்பியும் இதே கொள்கையைப் பெட்டிக்கு வெளியே கொண்டுபோனது.

இந்தப் பதிலின் வலிமையைக் குறைத்து மதிப்பிட முடியாது. 1998 ஏப்ரலில் சிகாகோவில் நடந்த காம்டெக்ஸ் கண்காட்சி மேடையில், பில் கேட்ஸ் அருகில் நிற்க, விண்டோஸ் 98 கணினியில் ஒரு ஸ்கேனரைச் செருகியதும் நீலத்திரை வந்தது பலருக்கு நினைவிருக்கும். அதைப் 'பிளக் அண்ட் பிளே' தோற்றதற்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். நுணுகிப் பார்த்தால் நிலைமை சற்று வேறு. செருகியதைக் கணினி உடனே கண்டுகொண்டது; அதற்கான மென்பொருளை ஏற்றும் கட்டத்தில்தான் விழுந்தது. வந்திருப்பது யார் என்று பஸ் சொல்லும். அவரிடம் எந்த மொழியில் பேசுவது என்று சொல்லாது. அந்த மொழிதான் டிரைவர்.

எல்லாருக்கும் ஒரே டிரைவர், அதைக் குலைத்த ரெய்டு

இந்த இடைவெளிக்குக் கிடைத்த மிகச் சிறந்த பதில் பொது இடைமுகங்கள். தயாரிப்பாளர் யாராயினும், ஒரு வகைச் சாதனங்கள் எல்லாம் ஒரே மாதிரி பேச வேண்டும் என்று வகுத்துவிட்டால், ஒரு டிரைவர் போதும். சாட்டா கட்டுப்படுத்திகளுக்கு 2004இல் ஏஹெச்சிஐ வந்தது. என்விஎம்இ முதல் பதிப்பு 2011இல் வெளியானது. பிசிஐ அறிமுகப் பகுதியில் வகை எண் என்று ஒன்று உண்டு: 0106 என்றால் ஏஹெச்சிஐ, 0108 என்றால் என்விஎம்இ. இயங்குதளம் சாதனத்தின் பெயரை அறிந்திருக்க வேண்டியதில்லை. இந்த எண்ணைப் பார்த்தே பொது டிரைவரை இணைத்துவிடும். நேற்றுச் சந்தைக்கு வந்த எஸ்எஸ்டியை ஐந்தாண்டுக்கு முந்தைய இன்ஸ்டாலர் சிக்கலின்றி ஏற்பது இதனால்தான்.

பிறகு ஏன் பட்டியல் வெறுமையாகிறது? அதே சாட்டா கட்டுப்படுத்தியை, பல வட்டுகளை ஒன்றாகச் சேர்க்கும் 'ரெய்டு' முறைக்கு பயாஸில் மாற்றினால், வகை எண் 0106இலிருந்து 0104 ஆகிறது. சாதன எண்ணும் மாறுகிறது. கம்பி மாறவில்லை, வட்டு மாறவில்லை. ஆனால் பொது டிரைவர் இது தனக்குரியதல்ல என்று விலகிக்கொள்கிறது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இதன் வடிவம் இன்னும் கொடியது. நிறுவலின் தொடக்கத்தில் சில நொடிகளுக்குள் எஃப்6 விசையை அழுத்தி, ஃபிளாப்பி வட்டிலிருந்து டிரைவர் தர வேண்டும். அழுத்தத் தவறினால் வட்டு இல்லை என்ற செய்தியோ, 7பி என்று முடியும் நீலத்திரையோ வரும். ஃபிளாப்பி டிரைவே இல்லாத மடிக்கணினிகள் வந்த பிறகும் அந்த இன்ஸ்டாலர் ஃபிளாப்பியைத்தான் கேட்டது. விஸ்டாவிலிருந்துதான் பென் டிரைவையும் சிடியையும் ஏற்றது.

இன்று அதே நாடகம் விஎம்டி என்ற பெயரில் நடக்கிறது. இன்டெல்லின் 11ஆம் தலைமுறை மடிக்கணினிச் செயலிகளிலிருந்து பரவலான இந்த ஏற்பாடு, என்விஎம்இ எஸ்எஸ்டியைப் பொதுவான பிசிஐ வரிசையிலிருந்து எடுத்துத் தன் உள்வரிசையில் வைத்துக்கொள்கிறது. வெளியே தெரிவது விஎம்டி கட்டுப்படுத்தி மட்டும்; அதன் வகை எண் 0104. அதன் டிரைவர் இல்லாத விண்டோஸ் இன்ஸ்டாலரில் ஷிஃப்ட்டையும் எஃப்10ஐயும் சேர்த்து அழுத்தி, கட்டளைத் திரையில் டிஸ்க்பார்ட்டைக் கேட்டாலும் உள் எஸ்எஸ்டி வராது; நீங்கள் செருகிய பென் டிரைவ் மட்டும் வரும். அதே கணினியைப் புதிய கெர்னல் உள்ள லைவ் லினக்ஸில் தொடங்கி எல்எஸ்பிசிஐ கட்டளையைக் கொடுத்தால், 8086 எண்ணோடு ஒரு ரெய்டு கட்டுப்படுத்தியும், 10000 என்று தொடங்கும் தனி வரிசையில் அதன் பின்னால் எஸ்எஸ்டியும் தெரியும். எஸ்எஸ்டியிலும் குற்றமில்லை, ஸ்லாட்டிலும் குற்றமில்லை.

இதற்கு இரண்டு தீர்வுகள் சொல்லப்படுகின்றன. ஒன்று, இன்டெல்லின் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை விரித்து பென் டிரைவில் வைத்து, இன்ஸ்டாலரில் 'லோட் டிரைவர்' வழியாகக் கொடுப்பது. மற்றொன்று, பயாஸில் விஎம்டியை அணைப்பது. இரண்டாவதே சுலபம் என்பதால் யூடியூபில் அதுதான் அதிகம் சொல்லப்படுகிறது. வெற்று எஸ்எஸ்டி என்றால் அதில் பெரிய தவறில்லை. ஏற்கெனவே விண்டோஸ் இருக்கும் கணினியில், அதன் பக்கத்தில் லினக்ஸ் போடுவதற்காக அணைப்பவர் பழைய விண்டோஸ் அதே 7பி நீலத்திரையில் நிற்பதைக் காணலாம். விண்டோஸின் வட்டுக் குறியாக்கமான பிட்லாக்கர் மீட்புச் சாவி கேட்கலாம். உண்மையிலேயே ரெய்டு தொகுதி அமைத்திருந்தால் தரவே எட்டாமல் போகலாம். ஒற்றை எஸ்எஸ்டி மட்டுமே உள்ள மடிக்கணினியில் ரெய்டுக்கான ஏற்பாட்டை இயல்புநிலையாக வைப்பதற்கு நியாயம் தேடினால் மின்சேமிப்பும் மேலாண்மையும் காரணமாகச் சொல்லப்படுகின்றன. அவை பொய்யல்ல. ஆனால் பொது டிரைவர் என்ற பெரும் பொதுச்சொத்தை விட்டுக்கொடுக்கும் அளவுக்கு அவை பெறுமதியானவையா என்பது ஐயமே.

இதற்கு நேரெதிர்த் திசையிலும் ஒரு பாடம் உண்டு. 2015இல் வந்த ஸ்கைலேக் தலைமுறையில் பழைய யூஎஸ்பி 2 கட்டுப்படுத்தி நீக்கப்பட்டது. விண்டோஸ் 7 இன்ஸ்டாலரிடம் யூஎஸ்பி 3 டிரைவர் இல்லை. பென் டிரைவிலிருந்து தொடங்கிய இன்ஸ்டாலர், தான் வந்த பென் டிரைவையே காணாமல், டிவிடி டிரைவர் ஒன்று குறைகிறது என்று சொல்லி நின்றது. விசைப்பலகையும் மவுஸும் செத்துக் கிடந்தன. தொடக்கத்தில் பென் டிரைவைப் படித்தது ஃபர்ம்வேரின் சொந்த டிரைவர். கட்டுப்பாடு விண்டோஸ் கைக்கு வந்ததும் அது போய்விட்டது. 'பயாஸில் தெரிகிறது, எனவே இயங்குதளத்துக்கும் தெரிய வேண்டும்' என்ற பரவலான நம்பிக்கை ஏன் தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

ஃபர்ம்வேர் சொல்லும் கதை

தன்னைத் தானே சொல்லிக்கொள்ளாத சாதனங்களும் உண்டு. மடிக்கணினியின் டச்பேட் பல மாதிரிகளில் ஐ2சி என்ற எளிய கம்பியில் தொங்குகிறது. அதில் பிசிஐ போன்ற அறிமுக ஏற்பாடு இல்லை. எந்தக் கம்பியில், எந்த முகவரியில் என்ன இருக்கிறது என்பதை ஃபர்ம்வேர்தான் ஏசிபிஐ அட்டவணையில் எழுதித் தர வேண்டும். இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் 1996இல் வெளியிட்ட தரம் இது. இன்ஸ்டாலரில் டச்பேட் அசையாமல் யூஎஸ்பி மவுஸ் மட்டும் வேலை செய்வதற்குப் பெரும்பாலும் காரணம், ஐ2சி கட்டுப்படுத்தியின் டிரைவர் இன்ஸ்டாலரில் இல்லாததே. ஏசிபிஐயின் பலவீனம், அதை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் விண்டோஸில் மட்டும் சோதிப்பது. எந்த இயங்குதளம் கேட்கிறது என்று அட்டவணை விசாரிக்கும்போது, லினக்ஸும் 'விண்டோஸ்' என்றே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. உண்மையைச் சொன்னால் சோதிக்கப்படாத வழியில் கொண்டுபோய் விடும்.

ஏஆர்எம் செயலிகளின் உலகில் நிலைமை இன்னும் சிதறியிருந்தது. ஒவ்வொரு பலகைக்கும் தனி விவரத்தைக் கெர்னலுக்குள்ளேயே எழுதிக் குவித்ததை 2011இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கடுமையாகச் சாடினார். அதன்பின் டிவைஸ் ட்ரீ என்ற தனி விவரக் கோப்புக்கு மாறினார்கள். ராஸ்பெர்ரி பைக்கு உருவாக்கிய படிமம் வேறொரு நிறுவனத்தின் பலகையில் ஏறாமல் போவதற்கு இந்தக் கோப்பு வேறுபடுவதும் ஒரு காரணம்.

எல்லா டிரைவரையும் உள்ளே வைத்துவிட்டால்?

லினக்ஸ் தரப்பின் பதில் இதுதான். டிரைவர்கள் எல்லாம் கெர்னல் மூலநிரலோடு சேர்ந்தே இருக்க வேண்டும். கெர்னல் மாறும்போது டிரைவரையும் சேர்த்துத் திருத்த வேண்டும். இதனால் வெளி டிரைவர்களுக்கு நிலையான உள் இடைமுகம் தரத் தேவையில்லை என்பது கிரெக் க்ரோ-ஹார்ட்மன் போன்ற கெர்னல் உருவாக்குநர்களின் வாதம். பலன் கண்கூடு: பத்தாண்டுக்கு முந்தைய மடிக்கணினியில் இன்றைய லினக்ஸ் பெரும்பாலும் கேள்வி கேட்காமல் ஏறும். பலவீனம் மறுமுனையில். நிறுவல் படிமம் உறைந்த நாளுக்குப் பின் சந்தைக்கு வந்த வைஃபை சில்லை அந்தப் படிமத்துக்குத் தெரியாது. விண்டோஸுக்கும் இதே கதிதான். அங்கே தயாரிப்பாளரே எல்லாவற்றையும் நிறுவித் தருவதால் அது வெளியே தெரிவதில்லை. எஸ்எஸ்டியை மாற்றி வெறுங்கணினியில் தொடங்கும் நாளில்தான் தெரிகிறது.

டிரைவர் இருந்தும் சாதனம் வேலை செய்யாத நிலையும் உண்டு. பல வைஃபை, கிராபிக்ஸ் சில்லுகள் தமக்கான ஃபர்ம்வேரைத் தமக்குள் வைத்திருப்பதில்லை. ஒவ்வொரு முறையும் இயங்குதளம் ஊட்ட வேண்டும். அந்தக் கோப்புகளின் மூலநிரல் பெரும்பாலும் மூடப்பட்டது. கட்டற்ற மென்பொருள் கொள்கையில் உறுதியாக இருந்த டெபியன், நெடுங்காலம் அவற்றை அதிகாரபூர்வ இன்ஸ்டாலரில் சேர்க்கவில்லை. பிணையம் வழியாக நிறுவப் பிணைய அட்டை வேண்டும். அட்டை இயங்க ஃபர்ம்வேர் வேண்டும். ஃபர்ம்வேரை இறக்கப் பிணையம் வேண்டும். 2022இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்து இந்த நிலைப்பாட்டை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 அவற்றைச் சேர்த்தே வந்தது. சென்னை சி-டாக்கின் பாஸ் லினக்ஸ் போல டெபியனை அடியாகக் கொண்ட வழங்கல்களுக்கும் இத்தகைய முடிவுகள் பொருட்படுத்த வேண்டியவை. இது கொள்கையைக் கைவிட்டதாகும் என்ற எதிர்ப்பை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் அதே மூடிய நிரல் சில்லுக்குள்ளேயே எரிக்கப்பட்டிருந்தால் ஏற்பது, கோப்பாக வந்தால் மறுப்பது என்ற நிலைப்பாடு பயனரின் சுதந்திரத்தை எந்த வகையில் கூட்டுகிறது என்பதற்கு நிறைவான விடை வந்ததாகத் தெரியவில்லை.

தெரிந்தும் பேசாத இன்ஸ்டாலர்

இவ்வளவு அடுக்குகளில் எந்த அடுக்கில் கோளாறு என்பது இன்ஸ்டாலருக்குப் பெரும்பாலும் தெரியும். விஎம்டி கட்டுப்படுத்தி 8086 என்ற எண்ணோடு நிற்கிறது, அதற்கு டிரைவர் பொருந்தவில்லை என்பது விண்டோஸ் இன்ஸ்டாலரின் பதிவுக் கோப்பில் இருக்கும், திரையில் வராது. அதைவிட மோசம், பிசகான செய்தி. 'மீடியா டிரைவர் குறைகிறது' என்று அது சொல்லும்போது, உண்மைக் காரணம் சரியாக இறங்காத ஐஎஸ்ஓ கோப்பாகவோ யூஎஸ்பி வாயிலாகவோ இருக்கலாம். பயனர் டிரைவரைத் தேடி அலைவார். டெபியன் இன்ஸ்டாலர் எந்த ஃபர்ம்வேர் கோப்பு இல்லை என்று பெயரோடு சொல்கிறது. ஆல்ட்டையும் எஃப்4ஐயும் அழுத்தினால் பதிவே திரையில் ஓடுகிறது. அழகில்லை, ஆனால் அந்த ஒரு வரியைக் கொண்டு தீர்வு தேட முடியும்.

சாதாரணப் பயனருக்கு இந்த எண்கள் புரியாது, மிரட்டும் என்பது வழக்கமான மறுப்பு. புரியாதுதான். மருந்துச் சீட்டில் எழுதியிருப்பது நோயாளிக்குப் புரிவதில்லை. மருந்துக் கடைக்காரருக்குப் புரிகிறது. எண்ணைப் படம் பிடித்துக் காட்டினால், தெரிந்தவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். வெற்றுப் பட்டியலைப் படம் பிடித்துக் காட்டினால் அவரும் ஊகிக்கத்தான் வேண்டும். எல்லா டிரைவரையும் படிமத்தில் அடைத்துவிட்டால் இந்தப் பேச்சே தேவையில்லை என்பது அடுத்த மறுப்பு. உறைந்த படிமத்துக்கும் நகரும் சந்தைக்கும் உள்ள இடைவெளியை எந்த அளவும் மூடாது. எவ்வளவு அடைத்தாலும் ஒரு நாள் தோற்கும் என்றால், தோற்கும்போது ஒழுங்காகத் தோற்பதும் வடிவமைப்பின் ஒரு பகுதியே.

கோளாறைத் தேடுவோருக்கும் இது முறையை மாற்றுகிறது. முதலில் பயாஸில் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரியாவிட்டால் அது இயங்குதளத்தின் கோளாறே அல்ல. சாட்டா மட்டும் ஏற்கும் எம்.2 ஸ்லாட்டில் என்விஎம்இயைச் செருகியிருக்கலாம், அல்லது சரியாக அமராமல் இருக்கலாம். பயாஸில் தெரிந்து இன்ஸ்டாலரில் தெரியாவிட்டால், லைவ் லினக்ஸில் கட்டுப்படுத்தியின் வகை எண்ணைப் பார்க்க வேண்டும். 0104 என்றால் முறை மாறியிருக்கிறது. 0106, 0108 என்றால் வேறு காரணம். டிரைவர் இணைந்தும் சாதனம் வேலை செய்யாவிட்டால் ஃபர்ம்வேர் குறைபாட்டைக் கெர்னல் பதிவில் தேட வேண்டும். லினக்ஸ் தொடங்கியதும் திரை கறுத்துப்போனால், கிராபிக்ஸ் டிரைவர் சில்லைக் கையிலெடுத்து அதை இயக்கத் தெரியாமல் திணறுகிறது என்று ஊகிக்கலாம். கெர்னலின் தொடக்க விருப்பமாக 'நோமோட்செட்' என்று கொடுத்தால் அந்த டிரைவர் சற்று ஒதுங்கும். இந்த வரிசையை விட்டுவிட்டு எஸ்எஸ்டியைக் கழற்றி மாட்டுவதிலும், படிமத்தை மூன்று முறை எழுதுவதிலும்தான் பொழுது போகிறது.

தீராதவை

சில கேள்விகள் திறந்தே இருக்கின்றன. பொது இடைமுகத்தை விட்டு விலகத் தயாரிப்பாளருக்கு எப்போதும் ஏதாவது ஒரு காரணம் கிடைக்கும்; அதைத் தடுக்கச் சந்தையில் யாருக்கு அதிகாரமும் அக்கறையும் சேர்ந்து இருக்கின்றன என்பது தெளிவில்லை. கையொப்பமுள்ள நிரலை மட்டும் தொடக்கத்தில் ஏற்கும் செக்யூர் பூட் வந்தபின், கையொப்பமில்லாத டிரைவரை லினக்ஸில் ஏற்றுவது கூடுதல் படியாகிவிட்டது. பாதுகாப்புக்கும் பயனர் தன் வன்பொருளைத் தானே இயக்கும் உரிமைக்கும் இடையே சமநிலை எங்கே என்பதில் ஒத்த கருத்து இல்லை. ஏஆர்எம் கணினிகளில் ஏசிபிஐயா டிவைஸ் ட்ரீயா என்ற போட்டியில் சர்வர்கள் முன்னதையும் சிறு பலகைகள் பின்னதையும் பற்றி நிற்கின்றன. மடிக்கணினிகள் எந்தப் பக்கம் நிலைக்கும் என்று இப்போது சொல்வது அவசரமாகலாம்.

இன்ஸ்டாலரின் மௌனம் மட்டும் இந்தப் பட்டியலில் சேராது. அதற்குப் புதுத் தரமோ தயாரிப்பாளரின் இசைவோ தேவையில்லை. ஏற்கெனவே கோப்பில் எழுதுவதைத் திரையில் எழுதினால் போதும். அது நடக்கும்வரை, விண்டோஸை அழித்துப் போடப்போகிறவர்கள் பழைய விண்டோஸ் ஓடும்போதே தம் மாதிரிக்கான ஸ்டோரேஜ் டிரைவரையும் வைஃபை டிரைவரையும் தயாரிப்பாளர் தளத்திலிருந்து இறக்கி, விரித்து, தனி பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிட்லாக்கர் சாவியையும் எழுதி வையுங்கள்.